தாழ்ப்பாள் போட்ட கதை

மார்ச் 4

என் குட்டிச்சாவிக்கு,

அம்மாடி, எப்படி இருக்க? சாப்பிட்டியா? நாள் பூரா ஓட்டல் துணி துவைக்கிற மெஷின் பக்கத்துல நிக்கிறவ, கால் வீங்காம பாத்துக்க. ஏன் போன்ல பேச மாட்டேங்கிறீங்கன்னு கோவிக்கிற. நீ பேசுறது எனக்குக் கொசு பாடுற மாதிரி கேக்குது. எல்லாத்துக்கும் "ஆமா ஆமா"ன்னு சொல்லி வச்சிடுறேன். அப்படி ஆமா போட்டதுலதான் இந்தப் பொம்பளை வந்து சேந்தா. பெட்டியோட வாசல்ல நின்னு, "உங்களைப் பாத்துக்க உங்க பொண்ணு அனுப்பிச்சாங்க"ன்னா. எதுக்கு ஆமா போட்டேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

அவ நடையும் கேள்வியும்! போலீஸ்காரம்மான்னு பேர் வச்சிட்டேன். வந்த அன்னைக்கே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டணும்கிறா. யார்கிட்ட? இந்த ஊர்ல பாதி வீட்டுக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் போட்டவன்கிட்ட.

எதிர்வீட்டுத் தையல்காரன் உன்கிட்ட என்ன வத்தி வச்சானோ. நான் விழலை. வழுக்கி உக்காந்தேன். எந்திரிக்கக் கொஞ்சம் நேரம் ஆச்சு, அதுக்குள்ள அவன் ஜன்னல் வழியா கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கிட்டான். அவன் லட்சணம் தெரியுமா உனக்கு? ஒரு தடவை போட்டிருந்த சட்டையையே கஸ்டமர் பாவாடையோட சேத்துத் தச்சிட்டு, எந்திரிக்க முடியாம என்னைக் கூப்பிட்டான். நான் யார்கிட்டயாவது சொன்னேனா? சொன்னேன், அது வேற.

கடைசியில ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். நான் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். குளிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ளேயிருந்து கதை சொல்லிக்கிட்டே இருக்கணும். அவ வெளியில முக்காலி போட்டுக் கேப்பா. கதை நின்னா உள்ள வரலாம். எனக்கா கதை நிக்கும்?

உன் பூட்டுக்கார அப்பன்

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு தூக்கம் வரவில்லை. வழுக்கி உட்கார்ந்ததற்கா நெற்றியில் தையல் போட்டார்கள்? உங்களுக்குத் தாழ்ப்பாள் மானப் பிரச்சினை. எனக்கு அது நீங்கள் உள்ளே கிடக்க, வெளியே யாரோ கதவோடு மல்லுக்கட்டுகிற பிரச்சினை. சரி, கதை ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவிடம் கோபப்படாதீர்கள். எனக்கு லீவு இப்போது இல்லை அப்பா. இருந்தால் அந்த முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் குட்டிச்சாவி

ஏப்ரல் 2

குட்டிச்சாவிக்கு,

நல்லா இருக்கியா? நான் நல்லா இல்லை. உன் போலீஸ்காரம்மா நேத்து கதவை ஒடச்சிட்டா. தோளால ஒரே இடி. தாழ்ப்பாள் கொண்டி மரத்தோட பேந்து வந்துடுச்சு. நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், தலையெல்லாம் சோப்பு, உடம்புல ஒட்டுத்துணி இல்லை. அவ துண்டை எடுத்துப் போத்திட்டு, "ஏன் நிறுத்துனீங்க? ஏன் நிறுத்துனீங்க?"ன்னு அழுவுறா. அவ எதுக்கு அழணும்? அழ வேண்டியவன் நானு.

கதையை நிறுத்திக் கொஞ்சம் யோசிச்சேன். மனுசன் யோசிக்கக் கூடாதா?

சாயங்காலமே கொண்டியைத் திரும்ப அடிச்சிட்டேன், முன்னைவிடப் பெரிய திருகாணி போட்டு. இனி ஆனையே இடிச்சாலும் அசையாது. அவளை அனுப்பிடு. இல்லைன்னா எனக்குக் கடிதம் போடாதே.

அப்பன்

ஏப்ரல் 16

அன்புள்ள அப்பா,

போடாதே என்றீர்கள், போடுகிறேன்.

அந்த அம்மாவிடம் பேசினேன். அன்றைக்குக் கல்யாண வீட்டுக் கதை சொன்னீர்களாம். அறைக்குள் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டது, கரண்ட் போனது, பூட்டைத் திறக்க உங்களைக் கூப்பிட்டது, உங்கள் பக்கத்தில் மெழுகுவத்தி பிடிக்க அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வந்தது. "அவ என்னைப் பாத்து ஒண்ணு கேட்டா பாரு" என்றீர்களாம். அப்புறம் சத்தமே இல்லையாம். கூப்பிட்டும் பதில் இல்லையாம். அதனால்தான் இடித்தாராம்.

அப்பா, அந்த இடத்தில் நீங்கள் கதையை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அம்மா இருந்தவரை ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்து "போதும் நிறுத்துங்க" என்று கத்துவாள்.

நீங்கள் மறந்தது வேறு எதுவாக இருந்தாலும் கேட்காமல் விட்டிருப்பேன். மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு அம்மா அன்றைக்குக் கேட்டது இதுதான்: "உள்ள மாட்டினது மாப்பிள்ளை. வேர்க்கிறது உங்களுக்கா?"

உங்கள் போலீஸ்காரம்மாவை அனுப்ப மாட்டேன். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

குட்டிச்சாவி

மே 7

என் குட்டிச்சாவிக்கு,

எப்படிம்மா இருக்க? சாப்பிட்டியா? எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

நீ எழுதுனதைப் படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். சரியாத்தான் இருக்கும், நீ பொய் எழுத மாட்ட. ஆனா அது உன் குரல்லதான் கேக்குதும்மா. உங்கம்மா குரல்ல வரலை. மெழுகுவத்தி தெரியுது, அவ வளையல் தெரியுது, வாய் அசையுது. சத்தம் இல்லை.

விழுறதுக்கு நான் எப்பவும் பயந்ததில்லை. உள்ள உக்காந்துக்கிட்டு அடுத்தது என்னன்னு தெரியாம முழிக்கிறதை ஒருத்தரும் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் தாழ்ப்பாள்.

நாலஞ்சு நாள் முன்னாடி அதைக் கழட்டிட்டேன். கழட்டிட்டேன்னு சொல்றேனே தவிர, பெரிய திருகாணி போட்டவன் புத்தியைச் செருப்பால அடிக்கணும், ஒண்ணும் அசையலை. போலீஸ்காரம்மாதான் திருப்புளியை வாங்கித் திருகினா. நான் டார்ச் அடிச்சேன். "வேர்க்குது பாருங்க உங்களுக்கு, உக்காருங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன் சிரிக்கிறேன்னு அவளுக்குப் புரியலை. எனக்கும் கொஞ்ச நேரம் கழிச்சுதான் புரிஞ்சுது.

இப்ப புது ஏற்பாடு. கதவைச் சும்மா சாத்திக்கிறேன். கல்யாண வீட்டுக் கதைதான் தினமும். அந்த எடம் வந்ததும் நான் நிறுத்திடுவேன். வெளியில முக்காலியில இருந்து அவ அந்த வார்த்தையைக் கேப்பா. உன் கடிதத்தைப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டா. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல், அது போதும் எனக்கு. முந்தாநாள், உங்கம்மாதான் நிக்கிறாளோன்னு ஒரு நிமிசம்... சரி, அதை விடு.

தாழ்ப்பாளை உனக்குப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். பித்தளை, நானே வார்த்தது. கறுத்தா புளி போட்டுத் தேய். அதை உன் வீட்டுக் கதவுல மாட்டிடாத, நான் சொல்றதைக் கேளு, என்னைக்காவது உனக்கும் கதை நிக்கும், அப்ப யாராவது உள்ள வர

இரு, கூப்பிடுறா. தண்ணி ஆறுதாம். வந்துட்டேன்மா, இதோ, அந்த மெழுகுவத்தியை அணைச்சிடாத