ஏழாம் நம்பர் பொத்தான்

வீடு முழுக்க நெயில் பாலிஷ் வாசனை. அறுபது தாண்டிய ஆள் ஒருவன் காலங்காத்தால நெயில் பாலிஷ் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பதை நீ பார்த்திருந்தால் நம்ம ஊர் கோவில்பதாகை முழுக்கத் தண்டோரா போட்டிருப்பாய். பூச்சு என் நகத்துக்கு இல்லை. கம்ப்யூட்டரில் பாட்டு மாற்ற, எண்கள் மட்டும் உள்ள உள்ளங்கையளவு கீபோர்டு ஒன்று வைத்திருக்கிறேனே, அதற்கு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பாட்டு. கண்ணாடி இல்லாமலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமென்று மேலே ஒரு பொட்டு. தேய்ந்துபோன பொட்டுகளை எல்லாம் இன்று திரும்ப வைத்தேன். ஏழுக்கு மட்டும் தேவைப்படவில்லை. ஏழில் இருப்பது உன் பாட்டு.

தொழிற்சாலையில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஓய்வு பெற்ற பிறகு பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். என் மகளின் பழைய கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் கோத்துக் கொடுத்தவன் நீதான். வைஃபை பெட்டி உன் வீட்டில் இருந்தது, எனக்கும் அதுவே. போனிலிருந்து பாட்டு மாற்றும் ஆப்பை என் போனில் போட்டாய். "டெஸ்ட்டுக்கு" என்று சொல்லி உன் போனிலும் போட்டுக்கொண்டாய். அந்த டெஸ்ட் முடியவே இல்லை. நான் ஆற அமர வீணை கேட்டுக்கொண்டிருப்பேன், பாதியில் திடீரென்று கானா பாயும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வரும்: "இன்னா மச்சான், எப்பப் பாத்தாலும் தூங்கிகினே கீற? இத்த கேளு!" நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்தே உன்னைக் கெடுத்துவிட்டேன்.

மாங்காட்டிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன். ஹாலில் சன்னமாக வீணை ஓடுகிறது. மாப்பிள்ளையின் அம்மா முதல் கரண்டி கேசரியை வாயில் வைக்கிறார். அப்போது பார்த்து நீ போட்டாய் பார், மரண கானா. பிணத்தை எடுக்கும்போது பாடுகிற பாட்டு, அதுவும் முழுச் சத்தத்தில். என் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து நிறுத்துவதற்குள் அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னாங்க இது?" என்று கேட்டுவிட்டு எழுந்தவர்தான், மொத்தக் குடும்பமும் பின்னாலேயே போனது. என் மனைவி காப்பித் தட்டோடு அப்படியே நின்றாள்.

நீ மதில் மேல் எட்டிப் பார்த்தாய். "அய்யோ, நாளிக்கு வர்றாங்கோன்னு நெனச்சேன் மாமே!" என்றாய். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். தெரியாமல் செய்தாய் என்பதை நம்புகிறேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விட முடியவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை. அதைத்தான் கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மகள், "வுடுப்பா, ஒரு பாட்டுக்கு எழுந்து ஓடுறவங்க ஊட்ல நான் போய் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டாள். பிறகு தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பட்டாபிராமில் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு அவள் மாதிரி பெரிய மனசு கிடையாது.

பழிவாங்க மற்றவர்கள் அரிவாள் தேடுவார்கள், நான் ரிமோட் தேடினேன். கம்ப்யூட்டரில் போன் வழியை அடைத்தேன். உன் போனோடு என் போனிலிருந்தும் பாட்டு மாற்ற முடியாமல் போயிற்று. வயர்லெஸ் மவுஸ் வாங்கினேன். அதற்குத் திரையைப் பார்க்க வேண்டும், திரையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியைத் தேடித்தர என் மனைவி வேண்டும். டிவி ரிமோட் மாதிரி ஒன்று வாங்கினேன். நேராக நீட்டினால்தான் வேலை செய்யும், நடுவில் ஹால் தூண் நிற்கிறது. கடைக்காரர் டேப்லெட் வாங்கச் சொன்னார். அதுவும் வைஃபையில்தான் ஓடும் என்றதும், உன் பெட்டியின் தயவு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் அகப்பட்டதுதான் இந்தக் கீபோர்டு. கம்ப்யூட்டரின் பின்னால் நகத்தளவு ரிசீவர், என் கையில் பொத்தான்கள், உனக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இரண்டு நாளில் மதிலுக்கு வந்தாய். "மச்சான், உன் பொட்டி என் போன்ல காட்ட மாட்டேங்குது. பூட்ச்சா?"

"பொட்டி நல்லாத்தான் கீது. உன் ஆட்டந்தான் பூட்ச்சு."

அன்றைக்கு ஒரு பிடி சோறு அதிகமாகவே இறங்கியது.

அப்புறம் மூச்சுத் திணறல் உன்னைக் கட்டிலில் போட்டது. உன் கட்டில் நடுச்சுவரை ஒட்டிக் கிடந்தது எனக்குத் தெரியும். ஸ்பீக்கர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மாலை ஆறு மணி ஆனால் வீணை. நீ சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாய், நான் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். நோயாளி என்று தெரிந்தேதான் செய்தேன்.

ஒருநாள் பார்க்க வந்தபோது என் சட்டைப் பையில் கீபோர்டைக் கண்டுவிட்டாய்.

"அத்த இப்டி குடு மச்சான். ஒரே ஒரு பாட்டு."

"தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு, குட்த்துர்றேன்."

சிரித்தாய், சிரிப்பு இருமலாகிவிட்டது. "சொல்ல மாட்டேன் போ. ஆனா நான் பூட்டா அந்தப் பாட்ட நீதான் போடணும். உன் பொட்டில. தெருவே கேக்கணும்."

திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அந்தக் கானாவை ஏழில் ஏற்றி, பொட்டும் வைத்தேன்.

நீ போன அன்று உன் மனைவி வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அவரு சொன்ன பாட்டு..." என்றாள். ஜன்னலைத் திறந்து ஸ்பீக்கர்களைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டு உன் அருகே வந்து நின்றேன். விரல் ஏழுக்குத்தான் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீ படுத்திருந்தாய், உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. விரலை நகர்த்தி நாலை அழுத்தினேன். மாங்காட்டுக்காரர்கள் முன்னால் நீ பாதியில் அறுத்த அதே வீணை. இருபது நிமிடமும் முழுசாக ஓடியது. "சினேகிதன்னா இப்டி இர்க்கணும், இன்னா மரியாத!" என்றார் தெருவில் ஒருவர். உன் மனைவி மட்டும் என்னையே பார்த்தாள். நீ மாற்றவில்லை. பாதி வந்தபோது மாற்றிவிடுவாய் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போதும் ஆறு மணிக்கு வீணை ஓடுகிறது. யாரும் குறுக்கே வருவதில்லை, சுவரும் தட்டுவதில்லை. ஜெயித்தவன் வீடு இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று உன் மனைவி மதிலோரம் நின்று, "அந்தப் பாட்ட எப்பண்ணே போடுவீங்க?" என்று கேட்டாள். "போடுறேம்மா" என்றேன். என்றைக்கு என்று சொல்லவில்லை.

உனக்குச் சொல்கிறேன். கீபோர்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, பேட்டரி புதிது. நீ தப்பு என்று சொல்லவில்லை, நானும் மன்னிக்கவில்லை. என் கோபம் தீருகிற அன்றைக்குத் தெருவே கேட்கும்படி போடுகிறேன். அதுவரைக்கும் காத்துக் கிட.