அணைக்கப்பட்ட மலை எச்சரிக்கையும் என் நாற்பத்தொரு கையெழுத்துகளும்

அனுப்புநர்
பணி எண் 4417,
முதுநிலைப் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
இரண்டாம் விமானக் கொட்டகை.

பெறுநர்
விமானப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மலை எச்சரிக்கைக் கருவியை அணைத்துவிட்டு விமானம் இறக்குவதை உடனே நிறுத்தக் கோருதல், துணை விமானியின் பணிநீக்க விசாரணையில் என் பதிவுகளைச் சான்றாக ஏற்க வேண்டாமெனக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். இதுவரை யார் மீதும் ஒரு வரி புகார் எழுதியதில்லை. இந்த மனுவின் முதல் குற்றவாளி நானே. தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

2. எங்கள் விமானம் தினமும் போகும் மலை நிலையத்தில் எட்டு மாதங்களுக்கு முன் புதிய ஓடுபாதை திறந்தார்கள். விமானத்திலுள்ள எச்சரிக்கைக் கருவியின் வரைபடம் அதற்கு முந்தையது. அங்கே ஓடுபாதை இருப்பதே அதற்குத் தெரியாது. ஆகவே ஒழுங்காக இறங்கினாலும், தரையில் மோதப் போகிறோம், மேலே ஏறு என்று கத்தித் தீர்க்கும். விமானிகள் அதற்குப் ‘பெரியம்மா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சிமென்ட் ஆலையின் புகைபோக்கி கண்ணில் பட்டதும் பெரியம்மாவைத் தூங்க வைப்பது, அதாவது பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைப்பது, வழக்கமாகிவிட்டது. எந்தக் கையேட்டிலும் இது கிடையாது.

3. புதிய வரைபட அட்டையைச் செருக நாற்பது நிமிடம் போதும். மூன்று முறை கேட்டேன். சும்மா நச்சரிக்காதீங்க, பெரிய பராமரிப்பு வரும்போது சேர்த்துப் போட்டுக்கலாம் என்றார் பண்டகப் பொறுப்பாளர். நமக்கெதற்கு வம்பு என்று நானும் அடங்கிப் போனேன். எச்சரிக்கை ஒலித்ததாக விமானிகள் பதிவேட்டில் எழுதிய நாற்பத்தொரு முறையும், “குறை இல்லை. இந்நிலையத்தில் வழக்கமாக ஒலிப்பதே” என எழுதிக் கையெழுத்திட்டேன்.

4. இம்மாதம் 3ஆம் தேதி காலை. ஒரே மேகம். புகைபோக்கி தெரியவே இல்லை. தெரிந்திருக்க வேண்டிய நேரம்தான் என்று கணக்குப் போட்டுத் தலைமை விமானி பொத்தானை அழுத்திவிட்டார். காற்றில் விமானம் பாதை விலகியிருந்தது அவருக்குத் தெரியாது. சந்தேகப்பட்ட துணை விமானி பொத்தானை விடுவித்தார். கருவி அந்தக் கணமே அலறியது. அது அப்படித்தான் கத்தும், விடு என்றார் தலைமை விமானி. துணை விமானி விடவில்லை. கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்து விமானத்தை மேலே ஏற்றினார். பயணப் பதிவை நானே இறக்கிப் பார்த்தேன். மலை முகட்டுக்கும் விமானத்துக்கும் இடையே இருந்தது நூற்றுத்தொண்ணூறு அடி. உள்ளே அறுபத்தெட்டுப் பேர்.

5. இதற்கு நிர்வாகம் தந்த பரிசு, மேலதிகாரியை மீறினார் என்று துணை விமானியைப் பணியிலிருந்து நிறுத்தியதுதான். ஒலித்தது பொய்யான எச்சரிக்கை என்பதற்கு அவர்கள் காட்டும் ஒரே சான்று என் நாற்பத்தொரு பதிவுகள். ஓடுபாதைதான் புதிது, மலை அங்கேயேதான் இருக்கிறது. ஓடுபாதை விஷயத்தில் கருவி தவறு. மலை விஷயத்தில் அது சொன்னது சத்தியம். இந்த வித்தியாசத்தை நான் ஒரு தடவையாவது எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை.

6. அந்தத் துணை விமானி என் மகள். மறைப்பது முறையல்ல என்பதால் சொல்கிறேன். போன மாதம் சாப்பிடும்போது, அப்பா, அந்தச் சத்தம் பொய்யா நிஜமா என்று கேட்டாள். சும்மா கத்துதும்மா, கண்டுக்காதே என்றேன். பெற்ற அப்பன் பேச்சைக் கேட்காததால்தான் அவளும் மற்றவர்களும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

7. ஆகவே, புதிய அட்டை பொருத்தும் வரை அந்த விமானம் மலை நிலையத்துக்குப் பறக்கக் கூடாதென உத்தரவிடவும். 3ஆம் தேதிப் பயணப் பதிவை நிர்வாகத்திடம் விடாமல் தங்கள் பொறுப்பில் எடுக்கவும். துணை விமானியின் விசாரணையில் என் நாற்பத்தொரு பதிவுகளைச் சான்றாக ஏற்க வேண்டாம். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன்.

8. பறக்கத் தகுதியானது என்று இன்று காலை அந்த விமானத்துக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டுப் போட வைத்துவிட்டார்கள். அதே தலைமை விமானி. பக்கத்தில் பணிக்கு வந்து மூன்று வாரமே ஆன துணை விமானி. அணை என்றால் அணைத்துவிடுவார். மலைமேல் மேகம் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. விமானம் 12.10க்குக் கிளம்புகிறது. தங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், ஐயா. இப்போதே செய்யுங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: 18, செவ்வாய், முற்பகல் 11.35

தங்கள் அறைக்கு வெளியே காத்திருக்கும்,
(கையொப்பம்)
பணி எண் 4417