போருக்குக் கால் போட்ட நாள்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேடு. போன வாரம் உக்குவளை பஸ் நிறுத்தத்தில், தேர்தல் சுவரொட்டியில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது பொலிஸிடம் பிடிபட்டேன். ஐம்பது தாண்டிய ஆள், ஒரு கையில் போஞ்சிக்காய்ப் பை, மறு கையில் மார்க்கர் பேனா.

சுவரொட்டி அப்போதுதான் ஒட்டியது. கோதுமை மாப் பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறினாலே எனக்கு உன் ஞாபகம்தான். 'மாற்றத்துக்கு வாக்களிப்பேம்' என்று போட்டிருந்தார்கள். ஓரெழுத்துக்குக் கால் இல்லை. கை சும்மா இருக்குமா? காலைப் போட்டு முடிக்கவும் பின்னால் ஒருவர் சிங்களத்தில் கேட்டார்: "என்ன ஐயா, நாங்க கிழிக்க வந்திருக்கோம், நீங்க திருத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஒரு காலை விட்டுட்டாங்க சேர், அதைத்தான் போட்டேன்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போங்க" என்றார், சித்தம் கலங்கியவரிடம் பேசுகிற குரலில். தப்பித்தேன்.

நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

அந்தத் தேர்தலும் இதே மாதிரி பசை வாடையோடுதான் வந்தது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நீ தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். நான் மாத்தளை டவுனில் 'போர் வேண்டாம்' என்று மெழுகுவர்த்தி பிடித்த ஒரு சின்னக் குழுவில் ஆள். மழை வந்தால் அதிலும் பாதிதான். எங்களில் பெரிய மனுஷி, நாவுல ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற நாவுல அம்மா. வயல் வேலை செய்கிற சிங்களத்தி, ஒரே மகன் இராணுவத்தில். அவரும் மெழுகுவர்த்தியும் இல்லாவிட்டால் எங்களைக் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக ரோட்டில் இறக்கவேண்டும் என்று சொன்னவன் நீதான். "சம்பளம் கேட்டா, சண்டை நடக்குது காசில்லைங்கிறான். அப்ப சண்டைய நிறுத்துன்னும் நாமதானே கேக்கணும்? தேர்தல் வந்தாத்தான்டா இவனுங்களுக்குக் காது கேக்கும்."

எல்லாருக்கும் சரியென்றுதான் பட்டது. ஊர்வலத்துக்குப் பொலிஸ் அனுமதிக் கடிதத்தில் யார் பேர் போடுவது என்றதும் எல்லாரும் அவரவர் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தோம். தமிழன் பேரில் 'போர் வேண்டாம்' என்று ஊர்வலம். அன்றைக்கு அது என்ன சந்தேகத்தைக் கிளப்பும் என்று தெரியாதவர் இல்லை. நீ உன் பேரைப் போட்டாய். "ஆயிரம் பேர் வந்தா என்னைத் தொட மாட்டாங்க. பத்துப் பேர் வந்தா நீ பொலிஸ் ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடு" என்றாய். நான் சிரித்தேன்.

அன்று காலை கோயில் வாசலில் லொறி நின்றது. அதன் நெற்றியில் நம் துணி. மேல் வரியில் 'அரைப் பேர் வேண்டாம்', கீழ் வரியில் 'போர் வேண்டாம்' என்று எழுதச் சொல்லியிருந்தோம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவார்களே, அந்த அரைப் பேர். தமிழ் தெரியாத பெயின்டர், இரண்டு வரியும் ஒன்றுதானே என்று கீழேயும் 'பேர் வேண்டாம்' என்றே எழுதிவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய உன் தோட்டத்துப் பெண்களில் சரசக்காதான் அதை உரக்க வாசித்தாள்.

"ஏன் தலைவரே, அரைப் பேரும் வேண்டாமாம், முழுப் பேரும் வேண்டாமாம். அப்ப நாங்க மலையில கொழுந்தோட கபடி விளையாடவா போறோம்? வாங்கடி, திரும்புவோம்!"

கூட்டம் நிஜமாகவே பஸ் பக்கம் திரும்பியது. எதிரே நின்ற பொலிஸ் ஜீப்பில் ஒருவர் இறங்கிக் கால் உதறினார். எனக்கு அனுமதிக் கடிதத்தில் இருந்த உன் பேர் மட்டும்தான் மனதில் ஓடியது.

நீ லொறியின் மேல் ஏறிக் குப்புறப் படுத்தாய். விரலில் கிரீஸ். "அக்கா, நில்லுக்கா! அது பேர் இல்ல, போர்! கால் விழுந்துபோச்சு, இந்தா மாட்டுறேன்!" பள்ளிக்கூடத்தில் அதற்கு அரவு என்று பேர். உன் வாயில் கால்தான் வந்தது. நான் கீழே நின்று, "அங்கதான், அங்கதான், கொஞ்சம் வலது" என்று எஞ்சினியர் மாதிரி கை காட்டினேன்.

என்ன சிரிப்பு என்று நாவுல அம்மா கேட்க, நீ தலைகீழாகத் தொங்கியபடியே சிங்களத்தில் விளக்கினாய். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மகனே, சண்டை பிள்ளைங்க காலை எடுக்குது. நீ சண்டைக்கே கால் கொடுக்கிறியே" என்றார்.

சரசக்காவுக்குச் சிங்களம் விளங்கும். போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். கடைக்காரர்கள் வந்தார்கள். வாக்குக் கேட்டு வந்த வேட்பாளரின் வாகனம் ஓரமாக நின்று வழிவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரம் வரை ரோடு முழுக்க ஆட்கள். ஜீப்பில் இருந்தவர்கள் எண்ணிப் பார்த்து அலுத்து, பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலை நீ வீட்டுக்குப் போனாய். நான் சாப்பாடு கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

சண்டை அதனால் நின்றது என்று புளுக மாட்டேன். அதற்குப் பிறகும் நடந்தது. சம்பளத்துக்கு இன்றைக்கும் கத்துகிறார்கள். ஆனால் நாவுல அம்மாவின் மகன் இரண்டு காலோடும் வந்துசேர்ந்தான், இப்போது டிரக்டர் ஓட்டுகிறான். நீயோ இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தத்தில், உன் கட்டிலில், இடியப்பம் சரியில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தாய். அழுதேன்தான். அழுகைக்கு நடுவே, 'அப்பாடா, வீட்டில்தான் போனான்' என்ற நிம்மதியும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சட்டைப்பையில் மார்க்கர் பேனா இல்லாமல் நான் வெளியே போவதில்லை. எங்கே கால் இல்லாவிட்டாலும் போட்டுவிடுவேன்.

போன மாதம் உன் மகள் அந்த ஊர்வலப் படத்தைப் போனில் அனுப்பினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் காலை நீ மேல் வரியில் போட்டிருக்கிறாய், மச்சான். 'அரைப் போர் வேண்டாம், பேர் வேண்டாம்.'