தலைவர் ஓட்டும் வேன்

ஜனவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீயும் நலமாக இருப்பாய், இல்லாவிட்டால் இதற்குள் எனக்குத் திட்டு வந்திருக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நம் சேவைச் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் தலைவர். போட்டியே இல்லை. பூனைக்கு மணி கட்ட ஆள் தேடினார்கள், நான் கழுத்தை நீட்டிவிட்டேன். செயலாளர் டீச்சர் மட்டும், "சார், உங்களுக்குக் கோபம் வந்தா ஹாரன் அடிக்கிற மாதிரி பேசுவீங்க, பாத்துக்குங்க" என்றார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினவன் புல்லாங்குழல் மாதிரியா பேசுவான்?

சங்கத்தின் பழைய வேனில் டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அழைத்து வருகிறோம் என்று உனக்குத் தெரியும். பதினான்கு பேர். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவர்களுக்கு நிற்கவே தெம்பு இருக்காது. அந்த வேன் இப்போது படுத்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்கு மாலை வாங்கிப் போட்டுடலாம்" என்றான். வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை. புது வேன் வாங்கியே தீர்வது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

"டிரைவர் சம்பளத்துக்கு எங்க போவீங்க?" என்று நன்கொடை தருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் எழுந்து நின்று, "அஞ்சு வருஷத்துக்கு நான் ஓட்டுறேன், ஒரு பைசா வேண்டாம்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நன்கொடைப் படிவத்திலேயே அதை அச்சடித்துவிட்டார்கள், ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நிலம் அளக்கப் போகும்போது தொப்பி போட்டுக்கொள்.

உன் அப்பா
(சங்கத் தலைவர்)

ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

தலைவர் ஆனதற்கு வாழ்த்துகள். தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

படிவத்தையும் படித்தேன். நல்ல காரியம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். அம்மாவுக்கு எட்டு மாதம் டயாலிசிஸ் நடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் நானும் அவளும்தான் டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு போனீர்களா?

அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இதுவரை இதைக் கேட்டதில்லை. போனில் கேட்க வாய் வந்ததில்லை. கடிதத்தில் நீங்களும் குறுக்கே பேச முடியாதல்லவா.

என் பங்குக்கு ஒரு தொகை அனுப்பியிருக்கிறேன். அது அந்தப் பதினான்கு பேருக்காக. உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். பதில் ஒரு வரிதான். இல்லை. ஒரு நாள்கூட அழைத்துப் போகவில்லை.

லீவு கேட்டேன், சம்பளப் பிடித்தம் என்றார்கள். மருந்துச் செலவுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. இது சாக்கு இல்லை, நடந்தது. என் வண்டி ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த வாசலில் நிறுத்துவேன். இறங்குகிற கூட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் பார்ப்பேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. விசில் கொடுத்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இப்போது வேன் வேன் என்று அலைவது எதற்காக என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் உனக்குத் தெரியும்.

சரி, நல்ல சேதி சொல்கிறேன். நிதி சேர்ந்துவிட்டது. பேருந்தை இழுத்தே சேர்த்துவிட்டோம்.

விளையாட்டில்லை. பணிமனையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பேருந்து ஒன்றைக் கடன் வாங்கினோம். வடத்தைக் கட்டி, சங்கத்துக்காரர்கள் முப்பத்திரண்டு பேர் இழுக்க வேண்டும். இழுக்கும் ஒவ்வொரு அடிக்கும் கடைக்காரர்கள் இவ்வளவு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நூறு அடி போனால் பெரிது என்று நினைத்தோம். மருந்துக் கடைக்காரர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு முன்னால் நின்றார். டீச்சர் மைக்கைப் பிடித்து, "இழுங்க, இழுங்க, பேச்சு வேண்டாம்" என்று வகுப்பு நடத்தினார். தெருவே கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வடத்தைப் பிடித்தார்கள். முந்நூற்றுப் பத்து அடி போனது. ஒரு கட்டத்தில் கடைக்காரர்கள், "போதும், நிறுத்துங்கப்பா" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்டியரிங்கில் யார் என்று கேட்கவே வேண்டாம். கடைசியில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. இடது முன்சக்கரம் நடைபாதையில் ஏறி, ஒலிபெருக்கிப் பெட்டியை நசுக்கிவிட்டது. டீச்சர் பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிட்டார். இடது பக்கம் இழுத்தவர்கள் பலசாலிகள், வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். வேறொன்றுமில்லை.

எங்கள் சங்கத்தில் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால், போன் அடித்தால், புதுச் சட்டை போட்டால்கூட அபராதம் போட ஒரு பதவி உண்டு. சைக்கிள் கடைக்காரர்தான் இப்போது அதில் இருக்கிறார். எல்லோரும் அவரை 'அபராதம்' என்றே கூப்பிடுகிறோம். அவர் உண்டியலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒலிபெருக்கியைக் கொலை செஞ்சதுக்கு" என்றார். சிரித்துக்கொண்டே போட்டேன்.

உன் அப்பா

மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்கு நன்றி. சாக்கோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

பேருந்து இழுத்த கதையை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு தனியாக இன்னொரு தடவை படித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பத்தொரு வருடம் ஓட்டியவருக்கு வடம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாதா?

போன தடவை நான் வந்திருந்தபோது தண்ணீர்ச் செம்பை இரண்டு தடவை தட்டிவிட்டீர்கள். இரண்டு தடவையும் அது உங்களுக்கு இடது பக்கம் இருந்தது. வாசல் கதவில் தோள் இடித்ததும் இடது தோள்தான். எனக்கு அளப்பதுதானே தொழில். எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் விழுந்தால், அளக்கிற கருவியில்தான் கோளாறு.

இந்த மாதம் உங்கள் சங்கத்தின் கண் முகாம் வருகிறதே. ஊர் மக்கள் தயங்கக்கூடாது என்று சங்கத்துக்காரர்கள்தான் முதலில் உட்கார வேண்டும் என்பது உங்கள் வழக்கம். தலைவர் எல்லோருக்கும் முன்னால் உட்காருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

மகள்

மார்ச் 16

அன்பு மகளுக்கு,

உட்கார்ந்தேன். முதல் ஆளாக. எல்லோரும் பார்க்க. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் படிக்கச் சொன்னார்கள். மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். சோதித்த பெண், "இந்த வயசுல இப்படியா சார்" என்று அசந்துபோனாள். அன்றைக்கு இருநூற்று எண்பது பேர் வந்தார்கள். நாற்பது பேருக்கு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

இப்போதாவது உன் அளவு நாடாவைச் சுருட்டி வை. வேனும் வந்துவிட்டது. வெள்ளை நிறம். ஏறுவதற்குத் தாழ்வான படி, கையைப் பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் நானே நின்று வைக்கச் சொன்னது. ஓட்டவும் ஆரம்பித்துவிட்டேன். நோயாளிகளில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். "சார், வண்டி சொகுசா இருக்கு, திரும்பிப் போக மனசே வரல" என்கிறார்.

உன் அப்பா

மார்ச் 22

அப்பா,

அந்த எழுத்து அட்டையைப் பதினோரு முகாம்களில் சுவரில் மாட்டியது யார்? நிமிர்த்திச் சரிபார்த்தது யார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடைசி வரியைச் சொல்வீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள்.

இனி நான் கேட்க மாட்டேன். வண்டியில் ஏறுகிற பதினான்கு பேருக்கும் என்ன சொல்வது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகள்

ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வேன் ஓட்டினேன்.

அந்த வாரக் கடைசியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வாசல் தூணில் இடது பக்கக் கண்ணாடி உரசியது. தூண் பல வருடமாக அங்கேயேதான் நிற்கிறது. நான் பார்க்கவில்லை. பதறிப்போய்ப் பிரேக் போட்டேன். தையல்காரம்மாவின் கை முன் சீட்டில் மோதி, ஊசி போட்ட இடத்தில் போட்டிருந்த கட்டை மீறி ரத்தம் வந்துவிட்டது. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினோம். அரை மணி நேரத்தில் நின்றது. "ஒண்ணுமில்ல சார், பயப்படாதீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே கண் டாக்டரிடம் போனேன். அட்டை கிட்டை எதுவும் வேண்டாம், கண்ணுக்குள் பாருங்கள் என்றேன். இடது கண்ணில் நரம்பு பழுதாகிவிட்டது. போன பார்வை திரும்பாது. வலது கண் நன்றாக இருக்கிறது, மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இனி வண்டி ஓட்டக் கூடாது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, அட்டையை மனப்பாடமாகச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். 'அபராதம்' உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் வைக்கவில்லை. அவர் பையிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டு, "ஒலிபெருக்கி செத்த அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, கேக்காம விட்டேன். இது என் அபராதம்" என்றார். அப்புறம் டீச்சர் போட்டார். வரிசையாக எல்லோரும் போட்டார்கள். நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்.

படிவத்தில் என் பெயரை நம்பித்தானே பணம் கொடுத்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய், "நான் ஓட்ட முடியாது, வேண்டுமானால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். வேன் ஒரு நாளும் நிற்கவில்லை. சங்கத்தில் ஏழு பேர் முறை வைத்து ஓட்டுகிறார்கள். டீச்சர்கூட ஓட்டுகிறார். என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறார், இதை அவரிடம் சொல்லிவிடாதே. பெட்ரோலுக்காக அடுத்த மாதம் இன்னொரு தடவை பேருந்து இழுக்கப் போகிறோம். இந்தத் தடவை நான் வடத்தில் நிற்கிறேன்.

இப்போது நான் பின்னால், நோயாளிகளோடு உட்கார்ந்து போகிறேன். திரும்பும்போது சிலர் வாந்தி எடுப்பார்கள். சிலருக்குக் கால் பிடித்துக்கொள்ளும், தேய்த்துவிட வேண்டும். சாலையில் ஒரு சின்னக் குழியில் இறங்கி ஏறினாலும் அவர்களுக்கு எப்படி வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. முப்பத்தொரு வருடமாக அந்தக் குழியில் இறக்கி ஏற்றியவன் நான்.

அம்மா எப்படி வந்தாள்? ரொம்பக் கஷ்டப்பட்டாளா? நீ சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உன் அப்பா

ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். இதைத்தான் ஆறு வருடமாக மறைத்து வைத்திருந்தேன்.

நாங்கள் உங்கள் பேருந்தில்தான் போனோம், திரும்பினோம். டியூட்டி நேரம் அவளுக்கு மனப்பாடம். முன்னால் இரண்டு பஸ் காலியாகப் போனாலும் ஏற மாட்டாள். உங்கள் வண்டி வரும்வரை காத்திருந்து, பின்வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, கடைசிச் சீட்டில் உட்காருவாள். கண்டக்டர் மாமாவுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் கண்ணாடியில் பார்ப்பீர்கள் என்று அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள். அந்த உடம்போடு அங்கிருந்து நடப்பாள், திரும்பும்போதும் அந்த நிறுத்தத்துக்கே நடந்து வந்துதான் ஏறுவாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உங்களைத் திட்டிக்கொண்டு வருவேன்.

"சொன்னா என்னம்மா, அப்பாதானே" என்று ஒரு நாள் சண்டை போட்டேன். "நான் பின்னாடி இருக்கேன்னு தெரிஞ்சா உங்கப்பா ரோட்டைப் பாக்க மாட்டாரு, என்னைத்தான் பாத்துட்டு இருப்பாரு. வண்டியில அறுபது உசுரு இருக்கு" என்றாள்.

அப்படியானால் வேறு பஸ்ஸில் போகலாமே என்றேன். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தேன். உங்களுக்கு டியூட்டி இல்லாத நாட்களில் வேறு பஸ்ஸில் போவோம். அப்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். உங்கள் வண்டியில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்துவிடுவாள்.

இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உங்கள் மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அம்மா போன பிறகு எனக்கு அந்தக் கோபம் வேண்டியிருந்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள்.

அம்மா கஷ்டப்படவில்லை அப்பா. தூங்கிக்கொண்டுதான் வந்தாள்.

உங்கள் மகள்