லாராயின் கண்ட மேகம்

அன்புள்ள அம்மா,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நம் சிலோயேத் தீவில் மழை விட்டதா? நான் நலம்.

இங்கே அட்டகாமா வானாய்வுக் கூடத்தில் எங்கள் தலைவர் லாராயினின் அலட்டல் தாங்க முடியவில்லை. நட்சத்திரமாகத் தேறாத, பழுப்புக் குள்ளன் என்கிற மங்கலான விண்பொருள் ஒன்றின் ஒளி கூடிக் குறைந்ததாம். "அங்க மேகம் சுத்துது! நான் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் ஒயின் ஊற்றினார்.

"டாக்டர், நீங்க ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் வெள்ளை நட்சத்திரம். நம்ம காத்துல ஈரம் ஏறினாலே, சிவந்து கிடக்குற இது மட்டும் அதிகமா மங்கும். அங்க மேகமே இல்லாம இருக்கலாம்" என்றேன்.

"பாலைவனத்துல ஏதும்மா ஈரம்? தீவுக்காரி மூக்குக்கு எங்க போனாலும் மழைவாடைதான்!" என்றார். அவருடைய ஜால்ராக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்த நேரத்தில் கோடைமழை கொட்டித் தீர்த்தது. இந்த மலையில் குடை வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். "குடை இருக்கா?" என்று வந்து நின்றார் மகா மேதை.

"பாலைவனத்துல ஏது டாக்டர் மழை?" என்றேன்.

சொன்ன சொல்லுக்காகக் குடையை அறையிலேயே வைத்துவிட்டு நானும் நனைந்துகொண்டு நின்றேன். லேசான சளிதான், கவலைப்படாதே.

தபால் வண்டி கிளம்புகிறது. என் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைத்துவிடாதே; நம் விறகடுப்பின் புகைவாடை அப்படியே இருக்கட்டும்.

உன்
ஷிமேனா