பாவாவுக்குப் போட்ட கடிதம்

திருத்தணி, 1987. அமாவாசை இரவு.

அக்காவும் அவள் புருஷன் பாவாவும் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், ஒரு மாதமாக, போட்டதும் நாலு எழுத்தைக் காட்டி அப்படியே நின்றுவிடும். ஒயரை மாற்றினேன். திரைக்காக அதில் மாட்டியிருந்த டிவியையும் மாற்றிப் பார்த்தேன். ஆத்திரத்தில், “பழுதான சாமானை எங்கள் தலையில் கட்டி நல்ல பேர் வாங்கிக்கொண்டீர்கள்” என்று பாவாவுக்கு எழுதி, இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் சும்மா போட்டுப் பார்த்தேன். முழுசாக வந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் வந்தது.

“இன்னைக்கு அமாவாசை, தெருவுல ஒரு தறியும் ஓடல. பல்பு எவ்ளோ வெளிச்சமா எரியுது பாருங்க” என்றாள் என் மனைவி கமலா.

தறி ஓடினால் கரண்ட் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். நாலு பவர்லூம் வைத்திருக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

தபாலாபீசுக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“பை மத்தியான ரயில்லயே போயிடுச்சிங்க. இந்நேரம் மெட்ராஸ்ல பிரிச்சிகினு இருப்பாங்க.”

பாவாவுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். என் தமிழ்க் கடிதம் வந்தால் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

அந்த வரியையும் அவள் வாயால் படிக்க வேண்டியிருக்கும்.