நீ குடிக்காத சுக்குக் கஷாயம்

அன்புள்ள சங்கரா,

நம் கேசட்டை உங்க அம்மா கேட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும், ஒரு பாட்டு விடாமல்.

உன் தலைத் திவசத்துக்கு ஸ்ரீவைகுண்டம் போயிருந்தேன். பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பியதும், அவன் குரல் உங்கிட்ட இருக்காமே என்று அம்மா கேட்டார்கள். இல்லையென்று எப்படிச் சொல்ல?

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் முதன்முதலாக ஹெவி மெட்டல் என்ற அந்த இங்கிலீஷ் அலறல் பாட்டைக் கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஏலே, இவனுவளுக்கு யாரு மேல இவ்வளவு கோவம்?" கோபப்பட நமக்குத்தானே காரணம் இருக்கிறது என்று அன்றே பாட்டெழுத உட்கார்ந்தாய். நிறுத்தத்தில் நிற்காமல் போகும் எட்டரை பஸ், பருப்பைக் கண்ணில் காட்டாத சாம்பார், எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்தினாய். மாதா கோயிலில் பவ்யமாக வாசித்த என் கிட்டாரை மைக் செட்டில் செருகி அலறவிட்டேன். மெட்டல்தானே என்று ஆல்பத்துக்கு 'இரும்புச் சத்து' எனப் பேர் வைத்ததும் நீதான்.

வாரத்துக்கு வாரம் உன் குரல் கரகரத்தது. பாட்டுக்குப் பொருத்தம் என்று நான் குதித்தேன். தொண்டை வலிக்கிறது என்றாய். அம்மா பாட்டிலில் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினார்கள். குடித்தால் குரல் தெளிந்துவிடும், ரெக்கார்டிங் முடியட்டும் என்று பிடுங்கி நானே குடித்தேன். நீயும் சிரித்தாய். உள்ளே கட்டி வளர்வது யாருக்குத் தெரியும்? டாக்டரிடம் காட்டியதும் ரெக்கார்டிங் முடிந்த பிறகுதானே. எத்தனை வாரம் உன்னைத் தாமதப்படுத்தினேன், சங்கரா?

கேசட் நின்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏய்யா, எம் பிள்ளைக்கு யாரு மேல இவ்வளவு கோவம்?"

கோபமில்லை, விளையாட்டு என்று ஒவ்வொரு பாட்டாக விளக்கினேன். பஸ் பாட்டுக்குச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்: "கஷாயம் குடிச்சுமா தொண்ட இப்படி இருந்துச்சு?"

ஆமாம்மா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நம் பாட்டில் நிற்காத அந்த பஸ் அன்றைக்குப் பார்த்து நின்று என்னை ஏற்றிக்கொண்டது.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி போவேன். அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன் என்று சொல்வேன். கோபப்பட அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டாமா? உன்னைப்போலவே தொண்டை கிழியக் கத்தட்டும். முடிகிறவரை எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மாப்ள,
ஜெரோம்